ஏழு நாளா, பதினான்கு நாளா?

ரத்தத்தில் பாக்டீரியா கலந்துவிட்ட நோயாளிக்கு ஆன்டிபயாடிக் எத்தனை நாள் கொடுக்க வேண்டும் என்று சில ஆண்டுகளுக்கு முன் கேட்டிருந்தால், பெரும்பாலான மருத்துவர்கள் தயங்காமல் பதினான்கு நாள் என்றிருப்பார்கள். ஏன் பத்து நாள் போதாது, ஏன் பதின்மூன்று நாள் ஆகாது என்று தொடர்ந்து கேட்டிருந்தால் பேச்சு அங்கேயே நின்றிருக்கும். ஏழு, பதினான்கு, இருபத்தொன்று என்று எங்கள் துறையில் எல்லாமே ஏழின் மடங்குகளாக வாய்த்ததற்கு உயிரியல் காரணம் எதுவும் கிடையாது. கி.பி. 321 இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஏழு நாள் வாரத்தை அரசாணையாக்கினார். நாம் எழுதும் மருந்துச் சீட்டுகளுக்கு அந்த ஆணைதான் ஆதாரம் என்று அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் பிராட் ஸ்பெல்பெர்க் கிண்டல் செய்வதுண்டு. கேட்டுச் சிரித்துவிட்டு மறுபடியும் பதினான்கு என்றே எழுதியவர்கள்தான் எங்களில் அதிகம்.

தொற்றுநோய்ப் பிரிவில் வேலை செய்கிறவன் என்று தெரிந்தவுடன் பலரும் என்னிடம் கேட்பது புதிதாக என்ன மருந்து வந்திருக்கிறது என்பதைத்தான். மருந்துகள் வந்திருக்கின்றன. கடைசி நம்பிக்கை எனக் கருதப்பட்ட கார்பாபெனம் வகைக்கே அடங்காத பாக்டீரியாக்களை எதிர்கொள்ள செஃபிடெரோகால், செஃப்டாசிடிம்–அவிபாக்டம், அஸ்ட்ரியோனாம்–அவிபாக்டம் என்று சில வந்துள்ளன. அவை தேவைப்படும் நோயாளிக்கு அவற்றின் அருமை தெரியும். ஆனால் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வார்டில் அன்றாடம் நாங்கள் செய்யும் வேலையை அதிகம் மாற்றியது எதுவென்று கேட்டால், எந்த மருந்தின் பெயரையும் நான் சொல்லமாட்டேன். ஏற்கெனவே கையில் இருக்கும் மருந்தை எப்போது நிறுத்தலாம், எப்போது ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாறலாம், எப்போது தொடங்காமலே இருக்கலாம் என்ற கேள்விகளுக்கு முறையான ஆய்வுகளின் மூலம் பதில் கிடைக்கத் தொடங்கியதுதான் என் கணிப்பில் பெரிய மாற்றம்.

ரத்தத் தொற்றுக்கான பதில் 2024 நவம்பரில் வந்தது. 'பேலன்ஸ்' என்ற ஆய்வில் ஏழு நாடுகளைச் சேர்ந்த 74 மருத்துவமனைகளில் 3,608 நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பாதிக்கு ஏழு நாள், மறுபாதிக்குப் பதினான்கு நாள். மருந்தைத் தேர்ந்தெடுப்பது சிகிச்சை அளிக்கும் மருத்துவரின் பொறுப்பு. நாள் கணக்கு மட்டும் குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்பட்டது. 90 நாள்களுக்குள் இறந்தவர்கள் ஏழு நாள் குழுவில் 14.5 விழுக்காடு, பதினான்கு நாள் குழுவில் 16.1 விழுக்காடு. ஏழு நாள் சிகிச்சை உயிரைக் கூடுதலாகக் காத்தது என்று இதற்குப் பொருளல்ல. இந்தச் சிறு வேறுபாடு தற்செயலாகவும் வந்திருக்கலாம். குறைந்த நாள்கள் கொடுத்ததால் நோயாளிக்கு இழப்பு எதுவுமில்லை என்பதே ஆய்வு நிறுவ முயன்றதும் நிறுவியதும். சேர்க்கப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஐசியுவில் இருந்தவர்கள் என்பதை நான் எப்போதும் அழுத்திச் சொல்வேன். 'இதெல்லாம் லேசான கேஸ்களுக்குத்தான்' என்று ஒதுக்கித் தள்ள அது இடம் கொடுக்காது.

அதே சமயம், யாரை ஆய்வில் சேர்க்கவில்லை என்பதும் சேர்த்தவர்களைப் போலவே முக்கியம். ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா ரத்தத்தில் இருந்தவர்களையும், நோய் எதிர்ப்பாற்றல் கடுமையாகக் குன்றியவர்களையும், செயற்கை இதய வால்வு பொருத்தியவர்களையும் ஆய்வாளர்கள் விலக்கி வைத்தார்கள். ஸ்டாஃப் ஆரியஸ் போகிற வழியில் வால்வு, முதுகெலும்பு, மூட்டு என்று எங்கே வேண்டுமானாலும் தங்கிவிடக் கூடியது. அதற்கு இன்றும் குறைந்தது பதினான்கு நாள், பலருக்கு நான்கு முதல் ஆறு வாரம். ஏழு நாள் போதும் என்ற செய்தியை மட்டும் வைத்துக்கொண்டு, எந்தக் கிருமி என்று பாராமல் மருந்தை நிறுத்துகிறவர், முன்பு கண்ணை மூடிக்கொண்டு பதினான்கு எழுதியவரைவிடச் சிறந்த மருத்துவர் அல்லர்.

ரத்தத் தொற்றுக்கு முன்பே மற்ற நோய்களில் இந்த மாற்றம் தொடங்கிவிட்டது. பித்தநாளமோ குடலோ சீழ் வைத்து வயிற்றுக்குள் பரவியவர்களுக்கு, சீழை முறையாக வெளியேற்றிய பிறகு நான்கு நாள் ஆன்டிபயாடிக் போதும் என்று 2015 இல் 'ஸ்டாப்-இட்' என்ற ஆய்வு காட்டியது. இங்கே உண்மையான சிகிச்சை அறுவை மருத்துவரின் கத்தியிலோ, ஸ்கேன் பார்த்துக்கொண்டே செலுத்தும் குழாயிலோ இருக்கிறது. ரத்த ஓட்டமே இல்லாத சீழ்க் கட்டிக்குள் மருந்து போய்ச் சேர்வது கடினம், சேர்ந்தாலும் அங்கே அதன் வேலை எடுபடாது. சீழ் உள்ளேயே இருந்தால் நாற்பது நாளும் போதாது. நிமோனியாவில் பிரான்ஸ் நாட்டு மருத்துவர்கள் இன்னும் துணிந்தார்கள். வார்டில் சேர்க்கப்பட்டு, மூன்றாம் நாளில் காய்ச்சல் தணிந்து நிலைமை சீரானவர்களில் ஒரு பகுதியினருக்கு மருந்தை அன்றே நிறுத்திவிட்டு, மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கொடுத்தார்கள்; மற்றவர்களுக்கு எட்டு நாள் மருந்து. பதினைந்தாம் நாளில் இரு சாராரும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தார்கள். 2021 இல் வெளியான அந்த ஆய்வு ஐசியு நோயாளிகளுக்குப் பொருந்தாது. ஆனால் மூன்றாம் நாள் காலை ரவுண்ட்ஸில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கும் நோயாளிக்கு நன்றாகவே பொருந்தும்.

நிறுத்துவதற்கு நமக்கு ஏன் இவ்வளவு பயம்? இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1941 பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபோர்டில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற காவலருக்குப் பென்சிலின் செலுத்தப்பட்டது. முகமெல்லாம் சீழ் வைத்திருந்த அவர் சில நாள்களில் தேறத் தொடங்கினார். உலகில் இருந்த பென்சிலினே சொற்பம் என்பதால், அவருடைய சிறுநீரிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்து மறுபடி செலுத்தினார்கள். அதுவும் தீர்ந்துபோனது, தொற்று திரும்பியது, மார்ச் மாதத்தில் அவர் இறந்தார். மருந்து போதாமல் போனதால் ஓர் உயிர் போயிற்று என்ற நினைவோடுதான் ஆன்டிபயாடிக் யுகமே பிறந்தது எனலாம். 1945 இல் நோபல் உரையில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் ஒரு கற்பனைக் கதை சொன்னார். தொண்டை வலிக்குத் தானாகவே பென்சிலின் வாங்கிக் குறைவாக எடுத்துக்கொண்ட ஒருவர், தன் உடலில் கிருமிகளை மருந்துக்குப் பழக்கிவிட்டு, அவற்றை மனைவிக்கும் கொடுத்து, மனைவி இறந்துபோகிறார். பாதியில் நிறுத்தினால் கிருமி பலம்பெறும் என்று மக்கள் மனத்தில் பதிந்திருப்பதன் வேர்களில் ஒன்று அந்தக் கதை. வேடிக்கை என்னவென்றால், அவர் கதையில் வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் வகைகளில் தொண்டை வலிக்கு முதன்மைக் காரணமான 'ஏ' பிரிவு, எண்பது ஆண்டுகள் கழித்தும் பென்சிலினுக்கு அடங்கியே இருக்கிறது.

மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாவது பெரும்பாலும் வேறு வழியில். நாம் சிகிச்சை அளிக்கும் கிருமி நுரையீரலிலோ சிறுநீரகத்திலோ இருக்கிறது. மருந்தோ உடல் முழுவதும் போகிறது. குடலில் குடியிருக்கும் ஈ.கோலை, கிளெப்சியெல்லா, என்டரோகாக்கஸ் போன்றவை நோய்க்குத் தொடர்பே இல்லாமல் ஒவ்வொரு நாளும் அந்த மருந்தில் நனைகின்றன. மருந்துக்கு மடிபவை மடிய, மடியாதவை அந்த இடத்தைப் பிடித்துப் பெருகுகின்றன. அடுத்த மாதம் அதே நோயாளிக்குச் சிறுநீர்த் தொற்று வரும்போது, அதை உண்டாக்குவது அப்படிப் பெருகிய கிருமியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே, பொதுவான பாக்டீரியாத் தொற்றுகளில் தேவைக்கு மேல் நீட்டும் ஒவ்வொரு நாளும் எதிர்ப்பைத் தடுப்பதில்லை, வளர்க்கிறது. காசநோய் இதற்கு விலக்கு. அங்கே கிருமி தானே மரபணு மாற்றத்தால் எதிர்ப்பைப் பெறுகிறது. இடையில் விடுவது உண்மையிலேயே ஆபத்து. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் எல்லா நோய்க்கும் ஒரே அறிவுரையைப் பல பத்தாண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறோம். 2021 இல் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக இறந்தவர்கள் சுமார் 11 லட்சம் பேர் என்ற உலகளாவிய மதிப்பீட்டைப் படிக்கும்போது, அந்த எண்ணிக்கைக்கு நல்லெண்ணத்தோடு நீட்டிக்கப்பட்ட சிகிச்சைகளும் பங்களித்திருக்கின்றன என்று நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

ஊசியா மாத்திரையா என்ற கேள்வியும் இதே வகையைச் சேர்ந்தது. ஊசி என்றால் வீரியம், மாத்திரை என்றால் லேசு என்பது நோயாளிகளின் நம்பிக்கை மட்டுமல்ல, மருத்துவர்களுடையதும்கூட. பென்சிலின் ஜி வயிற்று அமிலத்தில் சிதைந்துவிடும் என்ற காலத்தில் அது நியாயமாகவும் இருந்தது. லினிசோலிட், லெவோஃப்ளாக்சசின், மெட்ரோனிடசோல் போன்றவற்றை விழுங்கினால் கிட்டத்தட்ட முழு அளவும் ரத்தத்துக்கு வந்துவிடுகிறது என்று தெரிந்த பிறகும் அதே பழக்கம் தொடர்ந்தது. இதய வால்வில் தொற்று வந்தால் ஆறு வாரம் நரம்பு வழி ஊசி என்பது எங்கள் துறையில் கேள்வி கேட்க முடியாத விதியாக இருந்தது. டென்மார்க்கில் நடந்து 2018 இல் வெளியான 'போயட்' ஆய்வில், குறைந்தது பத்து நாள் ஊசிக்குப் பிறகு நிலைமை சீரான 400 நோயாளிகளில் பாதிப் பேரை மாத்திரைக்கு மாற்றினார்கள். இறப்பு, மீண்டும் தொற்று, திட்டமிடாத இதய அறுவை சிகிச்சை, கிருமிக் கட்டி சிதறி வேறிடத்தை அடைத்தல் ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்தபோது ஊசிக் குழுவில் 12.1 விழுக்காடு, மாத்திரைக் குழுவில் 9 விழுக்காடு. மறு ஆண்டு பிரிட்டனிலிருந்து எலும்பு, மூட்டுத் தொற்றுகளுக்கான 'ஓவிவா' ஆய்வு வந்தது: 1,054 பேர், ஓராண்டில் சிகிச்சை தோற்றவர்கள் ஊசியில் 14.6 விழுக்காடு, மாத்திரையில் 13.2.

இந்த எண்களின் பொருள் புறங்கையைப் பார்த்தால்தான் தெரியும். மருந்து ஏற்றுவதற்காக நரம்பில் செருகும் சிறு குழாயான வென்ஃப்ளானைப் போட்ட மூன்றாம் நாள், பிளாஸ்டரின் ஓரம் அழுக்கேறி உரிந்திருக்கும். ஊசி முனைக்கு மேலே நரம்பு சிவந்து கயிறுபோல் தடித்திருக்கும். செவிலியர் மருந்து ஏற்றும்போது நோயாளி பல்லைக் கடித்துக்கொள்வார். அதைப் பிடுங்கிவிட்டு அடுத்த கையில் நரம்பு தேட வேண்டும். வயதானவர்களுக்கு நரம்பு கிடைக்காமல் இரண்டு மூன்று இடங்களில் குத்தி, கடைசியில் கழுத்தில் பெரிய குழாய் போடும்படி ஆகும். அந்தக் குழாயே ரத்தத் தொற்றுக்கு வாசலாகிவிடும். கேண்டிடா என்ற பூஞ்சை ரத்தத்தில் கலக்க அது பழகிய வழி. ஒரு தொற்றுக்கு மருந்து ஏற்றுவதற்காக இன்னொரு தொற்றை வரவழைக்கும் இந்தச் சுழலிலிருந்து, நாளுக்கு இரண்டு மாத்திரை ஒருவரை விடுவிக்கிறது. அவர் எழுந்து நடப்பார், குளிப்பார், வீட்டுக்குப் போவார்.

ஆரம்பிக்காமலே விடுவது இன்னும் கடினம். சிறுநீர்க் குழாய் பொருத்திய முதியவர் ஒருவர். காய்ச்சல் இல்லை, எரிச்சல் இல்லை, வயிற்று வலி இல்லை. சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் யூரின் கல்ச்சரை யாரோ வழக்கமாக அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு நாள் கழித்து அறிக்கை வருகிறது: கிளெப்சியெல்லா, மில்லிலிட்டருக்கு ஒரு லட்சத்துக்கும் மேல், அதன் கீழே வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு மருந்துகளின் பெயர், முக்கால்வாசிக்கு எதிரே 'எதிர்ப்பு' என்று. அந்தத் தாளைப் பார்த்த பிறகு கையைக் கட்டிக்கொண்டிருப்பது எவருக்கும் எளிதல்ல. ஆனால் குழாய் பொருத்திச் சில வாரங்களானால் ஏறத்தாழ எல்லோருடைய சிறுநீரிலும் கிருமி இருக்கும். அறிகுறி இல்லாதவருக்கு அது நோயல்ல. கர்ப்பிணிகள், சிறுநீர்ப் பாதையில் சளிச்சவ்வு கீறும்படியான அறுவைக்குப் போகிறவர்கள் போன்ற சிலரைத் தவிர மற்றவர்களுக்குச் சிகிச்சை தேவையில்லை என்பது நெடுநாளாகவே வழிகாட்டு நெறிகளில் இருக்கிறது. தேவையற்ற பரிசோதனையை அனுப்பாமல் இருப்பதே பாதி வெற்றி.

மருந்து மட்டுமல்ல, மருத்துவமனை கொடுக்கும் மற்றவற்றிலும் 'கூடுதலாகக் கொடுத்தால் நல்லது' என்ற எண்ணம் சோதனைக்குள்ளானது. 2011 இல் கென்யா, உகாண்டா, தான்சானியாவில் கடும் காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குன்றிய நிலையில் வந்த 3,141 குழந்தைகளிடம் 'ஃபீஸ்ட்' என்ற ஆய்வு நடந்தது. டிரிப்ஸை வேகமாக ஏற்றினால் காப்பாற்றலாம் என்பது அப்போதைய உறுதியான நம்பிக்கை. வேகமாக ஏற்றிய குழந்தைகளில் 48 மணி நேரத்தில் இறந்தவர்கள் சுமார் 10.5 விழுக்காடு, ஏற்றாதவர்களில் 7.3 விழுக்காடு. ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். கோவிட் காலத்தின் டெக்சாமெத்தசோனும் அப்படித்தான். வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்த அதே மலிவான ஸ்டீராய்டு, ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு எந்தப் பயனும் தரவில்லை. தீங்கு செய்திருக்கவும் கூடும். ஆனாலும் எத்தனை வீடுகளில் முதல் நாள் காய்ச்சலுக்கே அதை விழுங்கினார்கள் என்று நினைத்தால் இன்றும் எரிச்சல்தான் வருகிறது.

புதிய மருந்தும் குறுகிய சிகிச்சையும் ஒன்றாகக் கைகோத்த இடங்களும் உண்டு. பல மருந்துகளுக்கு அடங்காத காசநோய்க்குச் சிகிச்சை பதினெட்டு மாதம், இருபது மாதம் என்று நீண்டது. அதில் பல மாதங்கள் தினமும் ஊசி. அந்த ஊசியால் காது கேளாமற்போனவர்கள் ஏராளம். பெடாக்விலின், பிரிட்டோமனிட், லினிசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் என்ற நான்கு மாத்திரைகளைக் கொண்டு ஆறே மாதத்தில் முடிக்கலாம் என்று பெலாரஸ், தென்னாப்பிரிக்கா, உஸ்பெகிஸ்தானில் நடந்த ஆய்வு காட்டியது. அந்தக் கூட்டுச் சிகிச்சையில் 89 விழுக்காட்டினருக்கு நல்ல பலன், பழைய முறையில் 52. உலக சுகாதார நிறுவனம் 2022 இல் அதைப் பரிந்துரைத்தது. எச்.ஐ.வி. உள்ளவர்களைத் தாக்கும், கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையால் வரும் மூளை உறைக் காய்ச்சலில் நடந்தது எனக்கு இன்னும் பிடித்தமானது. ஏழு நாள் தொடர்ந்து ஆம்போடெரிசின் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தை ஏற்றி, தினமும் சிறுநீரகத்தையும் பொட்டாசியத்தையும் பார்த்துப் பதறுவதற்குப் பதிலாக, நுண்ணிய கொழுப்பு உறைக்குள் அடைத்த லிப்போசோம் வடிவ ஆம்போடெரிசினை ஒரே ஒரு முறை உயர் அளவில் ஏற்றி, கூடவே இரண்டு வாரம் மாத்திரைகள் கொடுத்தார்கள். ஐந்து ஆப்பிரிக்க நாடுகளில் நடந்த 'ஆம்பிஷன்' ஆய்வில் பத்து வார இறப்பு 24.8 விழுக்காடு; பழைய முறையில் 28.7. பக்க விளைவுகளும் குறைவு. ஆய்வகமும் ஆள்பலமும் குறைந்த மருத்துவமனைகளிலிருந்து பிறந்த இந்தச் சிகிச்சையிலிருந்து பணக்கார நாடுகள் கற்றுக்கொள்கின்றன என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

குறைப்பது எல்லா இடத்திலும் வெல்லவில்லை. அதைச் சொல்லாவிட்டால் இது பிரச்சாரமாகிவிடும். செயற்கை மூட்டில் தொற்று வந்தவர்களுக்குப் பன்னிரண்டு வாரத்துக்குப் பதில் ஆறு வாரம் போதுமா என்று பிரான்சில் கேட்டார்கள். போதவில்லை. ஆறு வாரக் குழுவில் 18.1 விழுக்காட்டினருக்குத் தொற்று நீடித்தது, பன்னிரண்டு வாரக் குழுவில் 9.4. உலோகத்தின் மேல் கிருமிகள் படலமாகப் படிந்து, பெருகாமல் உறங்கிக் கிடக்கும்போது, பெருகும் கிருமியைக் கொல்லும் மருந்துக்கு அங்கே வேலை குறைவு. காய்ச்சலோடு சிறுநீர்த் தொற்று வரும் ஆண்களுக்கு ஏழு நாள் போதாது, பதினான்கு வேண்டும் என்பதும் பிரான்சிலிருந்தே வந்த பதில்தான். புராஸ்டேட்டுக்குள் மருந்து புகுவது கடினம். நாள் கணக்கு என்பது கிருமியையும், அது ஒளிந்திருக்கும் இடத்தையும், அங்கே மருந்து போய்ச் சேரும் வழியையும் பொறுத்தது.

இவ்வளவு ஆதாரம் இருந்தும் வார்டில் ஏன் மெதுவாக மாறுகிறது? அறியாமை அதற்குச் சிறு காரணம்தான். ஏழாம் நாளில் நிறுத்தி, ஒன்பதாம் நாளில் காய்ச்சல் வந்தால், நிறுத்தியவர் யார் என்று கேஸ் ஷீட்டில் கையெழுத்து இருக்கும். பதினான்கு நாள் கொடுத்து, அதனால் குடலின் நல்ல கிருமிகள் அழிந்து, கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியா பெருகி வயிற்றுப்போக்கு வந்தால், அது நோயாளியின் துரதிருஷ்டம் என்றாகிவிடும். முதலாவதற்குப் பொறுப்பாளி உண்டு, இரண்டாவதற்கு இல்லை. இப்படி இருக்கும்வரை எந்த இளம் மருத்துவரும் நீட்டவே செய்வார். நோயாளியின் குடும்பமும் அதையே கேட்கிறது. சென்ற ஆண்டு ஒரு பெரியவரின் மகள், நான் கேஸ் ஷீட்டில் மருந்தின் பெயரை அடித்துவிட்டுக் கையெழுத்திடுவதைப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு நாள் சேர்த்துப் போட்டா நல்லதுதானே டாக்டர்? எதுக்கு ரிஸ்க்?" என்றார். "கூடப் போடுறதாலதாம்மா ரிஸ்க். அப்பாவுக்கு வந்த கிருமிக்கு மருந்து போதும். இனிமே போட்டா அவர் குடல்ல இருக்கிற நல்ல கிருமிதான் சாகும்" என்றேன். முழுதாக நம்பியதாகத் தெரியவில்லை. ஆனால் மறுநாள் வென்ஃப்ளானை எடுத்தபோது பெரியவர்தான் முதலில் சிரித்தார்.

ரத்தப் பரிசோதனை ஒன்று முடிவெடுத்துக் கொடுத்தால் வசதியாக இருக்கும் என்று, பாக்டீரியாத் தொற்றின்போது ரத்தத்தில் உயரும் புரோகால்சிடோனின் என்ற பொருளின்மேல் பலரும் நம்பிக்கை வைத்தார்கள். பிரிட்டனின் 41 ஐசியுக்களில் 2,760 பேரிடம் நடந்து 2024 டிசம்பரில் வெளியான ஆய்வில், தினமும் அதைப் பார்த்து அறிவுரை கொடுத்ததால் மருந்து நாள் 10.7 இலிருந்து 9.8 ஆனது. பாதுகாப்பாகவே குறைந்தது, ஆனால் குறைந்த அளவு ஒரு நாளுக்கும் கீழ். மருந்தை எழுதும் அன்றே 'இந்தத் தேதியில் நிறுத்து, அல்லது தொடரக் காரணம் எழுது' என்று ஒரு கட்டத்தைச் சேர்ப்பது இதைவிட மலிவு என்பது என் அனுபவம். மலிவு என்று சொல்லும்போது பல் துலக்குவதையும் குறிப்பிட வேண்டும். மருத்துவமனையில் படுத்திருப்பவருக்குத் தினமும் பிரஷ்ஷால் பல் துலக்கிவிட்டால் அங்கே வரும் நிமோனியா ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று, 15 ஆய்வுகளைத் தொகுத்த அலசல் ஒன்று 2023 இல் சொன்னது. வராத நிமோனியாவுக்கு எத்தனை நாள் மருந்து என்ற விவாதமே எழாது. ஆனால் பல் துலக்கிவிடச் செவிலியருக்கு நேரம் வேண்டும், அதற்கு ஆள் வேண்டும். பிரஷ் வாங்குவதில் யாருக்கும் சிக்கல் இல்லை.

பேலன்ஸ் ஆய்வை நடத்தியவர்கள் இப்போது 'பேலன்ஸ் பிளஸ்' என்று அடுத்த கட்டத்தில் இருக்கிறார்கள். ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்றவை அடங்கிய கிராம் நெகடிவ் பாக்டீரியாக்களால் வரும் ரத்தத் தொற்றில், கல்ச்சர் முடிவு வந்தபின் வீரியமான மருந்திலிருந்து, சில வகைக் கிருமிகளை மட்டும் தாக்கும் குறுகிய வீச்சுள்ள மருந்துக்கு இறங்கலாமா, எந்த வகை மாத்திரைக்கு மாறலாம், கழுத்துக் குழாயைக் கட்டாயம் மாற்ற வேண்டுமா, கிருமி போய்விட்டதா என்று பார்க்க ரத்தக் கல்ச்சரை மறுபடி அனுப்ப வேண்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை ஒவ்வொரு நாளும் ரவுண்ட்ஸில் ஒவ்வொரு மருத்துவரும் ஒவ்வொரு விதமாக முடிவெடுப்பவை. கடைசிக் கேள்விக்கு 'அனுப்ப வேண்டாம்' என்று பதில் வந்தால், எங்கள் ஆய்வகத்தில் மாலை ஷிஃப்டில் இருப்பவர்கள் எனக்கு முன்பே அதைப் படித்துவிடுவார்கள்.